கரட்டில் கல் குவாரி வரப்போகிறதா? காட்டுயிர்களுக்கு என்ன ஆகும் என்று கணக்கெடுப்பது எப்படி

தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு கரட்டில், அதாவது சிறு பாறைக்குன்றில், நான் முதன்முதலாகக் கணக்கெடுக்கப் போனது ஒரு மே மாதம். மொத்தம் நான்கு நாள் வேலை. காலை ஒன்பது மணிக்கு ஜீப்பில் போய் இறங்குவோம், பத்துக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி மரம் எண்ணுவோம், கண்ணில் பட்ட குருவியை எழுதிக்கொள்வோம், மதியம் வெயில் தாங்காமல் திரும்பிவிடுவோம். பாலூட்டிகள் பட்டியலில் அணில், கீரி, முயல் என்று மூன்றே பெயர். அதே கரட்டு அடிவாரத்தில் முந்தின கார்த்திகையில் யானைக்கூட்டம் இரண்டு ராத்திரி நின்றிருக்கிறது. அதை எங்களுக்குச் சொன்னவர் ஆடு மேய்க்கிற ஒரு அண்ணன், அதுவும் அறிக்கை போய்ச் சேர்ந்த பிறகு. நாங்கள் பொய் எழுதவில்லை, பார்த்ததைத்தான் எழுதினோம். ஆனால் யானை வராத மாதத்தில், எதுவும் நடமாடாத நேரத்தில் போய்ப் பார்த்தோம்.

அந்த வேலை கற்றுக்கொடுத்ததையும் பிறகு கற்றதையும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஊரில் குவாரி வரப்போகிறது என்று தெரிந்து கையில் எதுவும் இல்லாமல் நிற்கிறவர்களுக்கும், காட்டுயிர் படித்துவிட்டு முதல்முறை களத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கும் உதவும். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டும் கிரானைட்டுக்கும் ஜல்லிக்கும் பேர்போன மாவட்டங்கள், அதனால் என் உதாரணமெல்லாம் கல் குவாரிதான்.

முதலில் காகிதம்

காட்டுக்குப் போகும் முன் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். அது பட்டா நிலமா, கல்லாங்குத்துப் புறம்போக்கா (அரசின் பாறை நிலமா) என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் தெரிந்துவிடும். அப்புறம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அந்த விண்ணப்பத்தைத் தேடுங்கள். சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தால் சுரங்கத் திட்டம், வரைபடம், எத்தனை வருடத்துக்கு எத்தனை கன மீட்டர் எடுக்கப் போகிறார்கள், எவ்வளவு ஆழம், எல்லாம் அங்கே கிடைக்கும். பக்கம் நிறைய இருக்கும், சலிக்காமல் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பரப்பளவில் கண் வையுங்கள். சுற்றுச்சூழல் அனுமதி பற்றிய 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையும் 2016ல் வந்த திருத்தமும் சொல்கிறபடி, ஜல்லி, கிரானைட் போன்ற சிறு கனிமத்தில் 5 ஹெக்டேருக்கு உட்பட்ட தனிக் குவாரிக்கு முழுச் சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வறிக்கையும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் தேவைப்படாமல் போகலாம். அதனால்தான் 4.80, 4.95 என்றெல்லாம் விண்ணப்பங்களில் பார்க்கலாம். ஆனால் ஒரு குத்தகையின் எல்லைக்கும் பக்கத்துக் குத்தகையின் எல்லைக்கும் நடுவே 500 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் அதைத் தொகுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சில விலக்குகள் உண்டு, அவை போக, தொகுப்பின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் முழு அறிக்கையும் கருத்துக் கேட்பும் கட்டாயம். ஆகவே சுற்றிலும் 500 மீட்டருக்குள் எத்தனை குவாரி ஓடுகிறது, எத்தனைக்கு விண்ணப்பம் போயிருக்கிறது என்று நீங்களே எண்ணுங்கள். இந்த ஒரு எண்ணிக்கையே சில நேரம் பாதி வேலையை முடித்துவிடும்.

தூரத்தை நீங்களே அளங்கள்

காவிரி வடக்கு காட்டுயிர் சரணாலயம் 2014ல் அறிவிக்கப்பட்டது, சுமார் 504 சதுர கிலோமீட்டர். காவிரி தெற்கு 2022 நவம்பரில் வந்தது, சுமார் 686 சதுர கிலோமீட்டர். அதற்கு முன் தயாரான வரைபடத்தைக் குவாரிக்காரர் அறிக்கையில் எடுத்து ஒட்டியிருந்தால் அதில் காவிரி தெற்கு இருக்காது, "அருகில் சரணாலயம் இல்லை" என்றுதான் காட்டும். சரணாலயத்துக்குள்ளும் எல்லையில் இருந்து 1 கிலோமீட்டருக்குள்ளும் சுரங்கம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 26 தீர்ப்பிலும் சொல்லியிருக்கிறது. அதனால் இந்தத் தூரத்தைப் பிறர் வாயால் கேட்காதீர்கள். அரசிதழில் இருக்கும் எல்லைக் குறிப்பை எடுத்து, கூகுள் எர்த்தில் குத்தகையின் நான்கு மூலைப் புள்ளிகளையும் போட்டு, கோடு இழுத்துப் பாருங்கள்.

காப்புக்காடு விஷயம் தனி. 2021 நவம்பரில் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளைத் திருத்தி, காப்புக்காட்டு எல்லையில் இருந்தும் 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்றார்கள். 2022 டிசம்பரில் காப்புக்காட்டை மட்டும் அந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். நம் பக்கத்துக் கரடுகள் பெரும்பாலும் காப்புக்காட்டை ஒட்டிக் கிடப்பவை. அதாவது சட்டத்தின் வேலி இல்லாத இடம் இதுதான், ஆகவே உங்கள் கணக்கெடுப்புக்கு எடை அதிகம்.

ஆடு மேய்க்கிறவரிடம் எப்படிக் கேட்பது

இந்தப் படியை யாரும் மதிப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

"இங்கே யானை வருமா?" என்று கேட்டால் "வரும் சார்" என்பார்கள், அல்லது நீங்கள் குவாரிக்காரர் ஆள் என்று நினைத்து "வராதுங்க" என்பார்கள். இரண்டும் பயன்படாது. "போன கார்த்திகையில் ராகிக்கு எத்தனை ராத்திரி பரண் ஏறினீர்கள்?" என்று கேளுங்கள். "எந்தப் பக்கம் இருந்து வந்தது? அந்த ஓடையில் எங்கே இறங்கியது? குட்டி இருந்ததா? விரட்டினதும் எந்தத் திசையில் போனது?" பரணில் உட்கார்ந்து பட்டாசு வெடித்தவருக்கு இதெல்லாம் மறக்காது. கிராம வரைபடத்தைத் தரையில் விரித்து அவரையே விரலால் காட்டச் சொல்லுங்கள். ஐந்தாறு பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் காதில் போடாதீர்கள். மூன்று பேர் விரல் ஒரே பள்ளத்தில் வந்து நின்றால் அது வழித்தடம்தான் என்று நான் எடுத்துக்கொள்வேன். அரசு அறிவித்த யானை வழித்தடப் பட்டியலில் அந்தப் பள்ளம் இல்லை என்றாலும் சரி.

பின்னணி இதுதான். கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டில் இருந்து யானைகள் ஜவளகிரி வழியாக இறங்கி, தளி, நொகனூர், ஊடேதுர்கம், சானமாவு என்று நகரும். வருகிற காலம் பெரும்பாலும் ஐப்பசி தொடங்கித் தை மாசி வரை, ராகி கதிர் பிடித்து அறுவடை ஆகும் நேரம். ஆய்வறிக்கைக்கு வேண்டியதோ மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் விவரம், அதாவது மூன்று மாதம். மார்ச் முதல் மே வரை எடுத்துவிட்டால் விதிப்படி எல்லாம் சரி, யானை மட்டும் இருக்காது. அறிக்கையில் அந்த மூன்று மாதம் எது என்பதை முதல் வேலையாகப் பாருங்கள்.

வாய்வார்த்தைக்கு எழுத்துச் சான்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்ட மனுக்கள் வனத்துறையில் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, கடந்த ஐந்து வருடத்தில் இந்தக் கிராமத்தில் எந்தெந்தத் தேதியில் எந்த விலங்கால் சேதம் என்று மாவட்ட வன அலுவலகத்தில் கேளுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ஊர்க்காரர் சொன்ன தேதியும் இதுவும் ஒத்துப்போனால், அதை ஒதுக்கித் தள்ளுவது யாருக்கும் கஷ்டம்.

கால்நடையாக, அதிகாலையில்

ஒன்று சொல்லிவிடுகிறேன், அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். பட்டா நிலத்திலும் புறம்போக்கிலும் நடங்கள், காட்டுக்குள் போகவேண்டி வந்தால் வனத்துறையிடம் எழுதிக் கேளுங்கள். தனியாக ஒருபோதும் போகாதீர்கள், உள்ளூர் ஆள் ஒருவர் முன்னால் நடக்கட்டும்.

சூரியன் எழும்போது தொடங்கி எட்டரை மணிக்குள் முடியுங்கள். ஒரே பாதையை நான்கைந்து முறை, வெவ்வேறு மாதத்தில் நடக்க வேண்டும். பார்த்த விலங்கு எவ்வளவு தூரத்தில் நின்றது என்பதையும் குறித்தால்தான் பின்னால் எண்ணிக்கை கணக்கிட முடியும். ஆனால் நேரில் பார்ப்பதை விடத் தடயம்தான் அதிகம் பேசும். ஈர மண்ணில் யானையின் முன்னங்கால் தடம் கிடைத்தால் ஒரு நூலைச் சுற்றிலும் வைத்து அளங்கள். அந்தச் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். நூல் 90 சென்டிமீட்டர் என்றால் யானை சுமார் 1.8 மீட்டர், இன்னும் வளர்கிற இளசு. அப்படியானால் அது தாயோடும் கூட்டத்தோடும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். வாழைத்தோப்புக்குத் தனியாக வந்து போகிற ஆண் யானையின் கதை வேறு, குட்டிகளோடு வருகிற கூட்டத்தின் கதை வேறு. பாதிப்பை எழுதும்போது இந்த வித்தியாசம் வேண்டும்.

கரையான் புற்றைப் பிளந்து உறிஞ்சிய குழி இருந்தால் கரடி. உடைந்த புற்றின் பக்கத்தில் சிறு வளையும் மண் வாரிய நகக்கீறலும் இருந்தால் அலுங்காக (எறும்புதின்னியாக) இருக்கலாம், ஊர்ப் பெரியவரைக் கூட்டி வந்து காட்டுங்கள். முள்ளம்பன்றி முள்ளைப் போட்டுவிட்டுப் போயிருக்கும், அது நமக்குச் சுலபம். எல்லாத் தடயத்துக்கும் பக்கத்தில் ஒரு அளவுகோலையோ தீப்பெட்டியையோ வைத்துப் படம் எடுங்கள், கைபேசியில் இருப்பிடம் பதிவாகும்படி வைத்திருங்கள்.

பாறையை மறந்துவிடாதீர்கள். அறிக்கை எழுதுகிறவர்கள் மரத்தைத்தான் எண்ணுவார்கள், மரம் இல்லாத பாறையை "தரிசு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். நம் கரட்டில் உயிர் இருப்பதே அந்தப் பாறையில்தான். பாறை இடுக்கில் வேர் பிடித்த இச்சி மரத்தை, அதன் பழம் பழுக்கும் வாரத்தில் ஒருநாள் காலை உட்கார்ந்து பாருங்கள், எத்தனை பறவை வருகிறது என்று. மஞ்சள் தொண்டைக் கொண்டைக்குருவி என்று ஒன்று உண்டு, தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டால் அதற்கு வேறு வீடு இல்லை. உலக அளவில் அழிவுக்கு ஆளாகக்கூடிய இனமாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். கொம்பன் ஆந்தை பாறை விளிம்பில், வெறும் மண்ணில் முட்டையிடும். ஒரு மாலை கரட்டுக்கு எதிரே பேசாமல் உட்கார்ந்தால், இருட்டும் முன் அந்தக் கனத்த குரல் கேட்கும். பாறைக்கடியில் வெள்ளையடித்தது போல எச்சம் வழிந்திருக்கும், எலி எலும்பும் முடியும் சேர்ந்த உருண்டை கீழே கிடக்கும். கூடு இருக்கும் சரியான இடத்தை வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள், ஆந்தையைப் பிடித்து விற்கிறவர்களும் அதைப் பார்ப்பார்கள். அலுங்குக்கும் தேவாங்குக்கும் இதே எச்சரிக்கைதான்.

மழை நின்ற வாரத்தில் சுனைகளைப் பாருங்கள், கோடையிலும் ஒருமுறை. எந்தச் சுனையில் சித்திரை வரை தண்ணீர் நிற்கிறதோ அதுதான் அந்தச் சுற்றுவட்டாரத்தின் கடைசித் தண்ணீர்.

இரவுக்குக் கேமரா

தானியங்கிக் கேமரா வாடகைக்கோ, கல்லூரி விலங்கியல் துறையில் இரவலாகவோ கிடைத்தால் நல்லது. நில உரிமையாளரின் சம்மதத்தோடு ஓடைக் கடவிலும் சுனையின் கரையிலும் முழங்கால் உயரத்தில் கட்டுங்கள், முன்னால் ஆடுகிற புல்லை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆயிரம் படத்தில் தொள்ளாயிரம் புல்தான். குறைந்தது 25 இரவு வேண்டும். பெண்கள் குளிக்கிற, நடமாடுகிற பக்கம் வேண்டவே வேண்டாம், வைக்கும் முன் ஊரில் சொல்லிவிடுங்கள். கேமரா இல்லையென்றால் ஓடைக் கடவில் சலித்த மண்ணை இரண்டு மீட்டர் அகலத்துக்குப் பரப்பி, காலையில் போய்த் தடம் பாருங்கள். செலவே இல்லை.

இதே வேலையை இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, குவாரி வராத இன்னொரு கரட்டிலும் செய்து வையுங்கள். நாளைக்கு இங்கே விலங்கு குறைந்தால் "மழை இல்லை, அதனால்தான்" என்று சொல்லுவார்கள். அங்கே குறையாமல் இங்கே மட்டும் குறைந்திருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

இப்போது பாதிப்பை எழுதுவோம்

பட்டியல் போட்டதோடு நிறுத்திவிடுவதுதான் பெரும்பாலான அறிக்கைகளின் கோளாறு. 60 இனம் என்று எழுதுவார்கள், அடுத்த பக்கத்தில் "குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை" என்பார்கள், நடுவில் ஒன்றும் இருக்காது. நீங்கள் ஒவ்வொரு முக்கிய விலங்குக்கும் இப்படி யோசியுங்கள்: இந்த இடத்தை அது எதற்குப் பயன்படுத்துகிறது (தின்ன, குடிக்க, குட்டி போட, கடந்து போக), எந்த மாதம், எந்த நேரம், குவாரியின் எந்த வேலை அதில் குறுக்கே வரும், போனால் திரும்ப வருமா.

கொம்பன் ஆந்தையையே எடுத்துக்கொள்வோம். குளிர்காலம் முதல் கோடைத் தொடக்கம் வரை குஞ்சு பொரிக்கும் காலம், அதே விளிம்புக்கு வருடா வருடம் வரும். வெடியும் கம்ப்ரசரும் அதே மாதங்களில் ஓடும். பாறையை எடுத்துவிட்டால் 500 மரக்கன்று நட்டாலும் ஆந்தைக்கு விளிம்பு கிடைக்காது, கன்று மரமாகும், பாறை முளைக்காது. நியாயமாக இதையும் சொல்லவேண்டும்: கைவிட்ட பழைய குவாரிச் சுவரில் கொம்பன் ஆந்தை கூடு கட்டுவதும் உண்டு. ஆகவே குவாரியை மூடும் திட்டத்தில் ஒரு சுவரை அப்படியே விடுங்கள் என்று கேட்கலாம். இப்படி எழுதினால்தான் படிக்கிற நிபுணர் உங்களை நம்புவார்.

யானைக்கு வேறு கணக்கு. குவாரி இருக்கும் 4 ஹெக்டேரில் அது மேயாமல் இருக்கலாம். பள்ளத்தில் வழி அடைபட்டால் பக்கத்து ஊர் வழியாக நடக்கும், அங்கே பரண் இல்லை, பழக்கம் இல்லை, கிணறும் மின்வேலியும் இருக்கும். 2020 நவம்பரில் பஞ்சப்பள்ளி பக்கம் கிணற்றில் விழுந்த யானையைப் பல மணி நேரம் போராடித் தூக்கினார்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே வயலில் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தப்பின. இவை குவாரியால் நடந்தவை என்று நான் சொல்லவில்லை, காட்டைவிட்டு வயலுக்குள் நடக்கிற யானைக்கு இங்கே என்னென்ன காத்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். எனவே யானையின் பாதிப்பைக் குத்தகை எல்லைக்குள் தேடாதீர்கள், அடுத்த ஊரில் தேடுங்கள்.

சத்தத்தை டெசிபலில் காட்டி "வரம்புக்குள் இருக்கிறது" என்பார்கள். அந்த அளவை மனிதக் காதுக்கு ஏற்றபடி தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் காட்டும். யானைகள் தூரத்தில் பேசிக்கொள்வதே நமக்குக் கேட்காத, 20 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள தாழ் ஒலியில்தான்.

டிப்பர் கணக்கைக் கட்டாயம் போடுங்கள். ஒரு உதாரணம்: வருடத்துக்கு 60,000 கன மீட்டர், 300 வேலை நாள் என்றால் நாளைக்கு 200 கன மீட்டர். ஒரு லோடு 10 கன மீட்டர் என்றால் 20 லோடு, போக வர 40 நடை. அதே மண் சாலையில் மூன்று குவாரி என்றால் 120 நடை. பத்து மணி நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிப்பர். தனித்தனி அறிக்கையில் ஒவ்வொருவரும் 40 என்றுதான் காட்டுவார்கள், கூட்டிப் பார்க்கிற வேலை உங்களுடையது. முடிந்தால் விடியற்காலையில் அந்தச் சாலையில் இரண்டு வாரம் நடந்து, அடிபட்ட பாம்பு, உடும்பு, முயலை இப்போதே எண்ணி வையுங்கள்.

தூசி, தண்ணீர், குழி மூன்றும் சுருக்கமாக: தூசி படிந்த தழையை ஆடே தின்பதில்லை, மான் தின்னுமா. குழி நிலத்தடி நீருக்குக் கீழே போனால் முதலில் வற்றுவது சுனை. அப்புறம், வேலை முடிந்து வேலி இல்லாமல் விட்ட குழியில் செங்குத்தான சுவர், நடுவில் தண்ணீர். தாகத்தில் இறங்கினது ஏறாது.

அவர்கள் அறிக்கையை எப்படிப் படிப்பது

காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கச் சுலப வழி ஒன்று. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 2022ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முன்பு ஆறு அட்டவணை, இப்போது நான்கு. நம் காட்டு விலங்குகளுக்கு முதல் இரண்டு, மூன்றாவது தாவரத்துக்கு, நான்காவது பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தில் வரும் இனங்களுக்கு. அதற்குப் பிறகு வந்த அறிக்கையில் முயல் "நான்காம் அட்டவணை", காகம் "ஐந்தாம் அட்டவணை" என்று இருந்தால் பழைய அறிக்கையில் இருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். இந்தப் பக்கமே இல்லாத விலங்கோ மரமோ பட்டியலில் இருந்தாலும் அப்படித்தான். மையப்பகுதி, சுற்றிலும் 10 கிலோமீட்டர் என்று இரண்டு பட்டியல் இருக்கும். சுற்றுப் பட்டியலில் யானை இருந்து பாதிப்பு அத்தியாயத்தில் யானை என்ற சொல்லே வராவிட்டால் அந்தப் பக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில்

கருத்துக் கேட்புக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும், நாளிதழில் வர வேண்டும். நடத்துவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தலைமை ஆட்சியர் அல்லது அவர் அனுப்பும் அதிகாரி. வரைவு அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் ஆட்சியர் அலுவலகத்திலும் ஊராட்சியிலும் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும், படி எடுத்துக்கொள்ளுங்கள். மைக் கையில் வந்தால் மூன்று நிமிடம்தான் கிடைக்கும், கோபத்தில் அது போய்விடும். மூன்றே விஷயம் சொல்லுங்கள்: எந்த மாதக் கணக்கு விட்டுப்போனது, எந்தப் பள்ளம் அடைபடும், என்ன கேட்கிறோம். மீதியைப் படத்தோடு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிக்க வேண்டும், அதுவரை எழுந்து போகாதீர்கள், நீங்கள் சொன்னது விட்டுப்போயிருந்தால் அங்கேயே சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேட்கிறதையும் குறிப்பாகக் கேளுங்கள். "காட்டுயிரைக் காப்பாற்றுங்கள்" என்றால் "ஆகட்டும்" என்று எழுதிக்கொள்வார்கள். முதலில் இந்த இடமே வேண்டாம் என்பதற்கான காரணம். அது எடுபடாவிட்டால்: ஐப்பசி முதல் மாசி வரை மறுபடி ஒரு கணக்கெடுப்பு, பள்ளத்தின் இரு கரையிலும் தொடாமல் விடவேண்டிய அகலம், மாலை ஆறு முதல் காலை ஆறு வரை டிப்பரும் விளக்கும் கிடையாது, சுனைக்கு மேலே தோண்டக் கூடாது, குழியைச் சுற்றி முதல் நாளிலேயே வேலி, ஒரு பக்கம் விலங்கு ஏறிவரச் சரிவு.

அனுமதி கிடைத்துவிட்டால் தென்மண்டல பசுமைத் தீர்ப்பாயத்தில், சென்னையில், 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், தக்க காரணம் இருந்தால் கூடுதலாக 60 நாள் வரை தருவார்கள். அனுமதி ஆணையில் இருக்கும் நிபந்தனைகளைத் தமிழில் எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்டிவிடுங்கள். நிபந்தனை நிறைவேற்றியதைப் பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும், அதைத் தேடி வாசியுங்கள். வருகிற கார்த்திகையில் அதே ஓடைக் கடவில், அதே மரத்தில், அதே உயரத்தில் கேமராவை மறுபடி கட்டுங்கள். மரத்தில் ஒரு ஆணி அடித்து வைத்தால் இடம் மாறாது.